எதிர்த்தரப்பு வக்கீலின் கட்டில்

சவூதியில், அல் கோபார் தொழிலாளர் கேம்பில் எங்கள் அறைக்கு வெள்ளிக்கிழமை மதியம் கோர்ட்டு. ஏசி பதினெட்டா இருபத்திநாலா, மீன்தலை யாருக்கு என்று வாரம் ஒரு வழக்கு வரும். நீதிபதி சேதுபதி அண்ணன்; தோளில் கறுப்பு ஜாக்கெட், கையில் சோற்றுக் கரண்டி. வக்கீல்கள் இரண்டு பேர்: சாரம் கட்டும் அன்பரசன், ஏசி மெக்கானிக் விஜயபாஸ்கர். சட்டம் படித்தவர்கள் இல்லை, சண்டை படித்தவர்கள். மற்ற நாளெல்லாம் அன்பரசன் யாரோடும் அதிகம் பேசமாட்டான். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சை வெள்ளியன்று விஜயபாஸ்கர் மேல்தான் கொட்டுவான்.

விஜயபாஸ்கர் லீவில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை அன்பரசனுக்கு மட்டும் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது: "நான் இனிமே வரலடா. ரூம்ல சொல்லிரு."

அவன் எங்களிடம் சொல்லவில்லை.

அந்த வெள்ளி, புதிதாக வந்து தரையில் படுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் அர்ஜுன் வழக்குப் போட்டார். நாற்பது வயதுக்காரர்.

"விஜயபாஸ்கரு கட்டிலு சும்மாதானே கெடக்கு. எனக்குக் குடுங்கண்ணே, முதுகு போச்சு."

"விஜயபாஸ்கர் பக்கம் பேச ஆளில்லையே," என்றார் சேதுபதி அண்ணன்.

"நான் இருக்கேன்!"

அன்பரசன் எழுந்தான். இடது தோளைத் தூக்கினான். மூக்கால் பேசும் விஜயபாஸ்கரே வந்து நின்ற மாதிரி இருந்தது.

"கனம் கோர்ட்டார் அவர்களே! லீவுல போனவன், பஸ்ஸுல துண்டு போட்டுட்டு டீ குடிக்க எறங்குனவன் மாதிரி. துண்டுமேல எவன் ஒக்காந்தாலும் அடி விழும்!"

அர்ஜுனே சிரித்துவிட்டார்.

அண்ணன் கரண்டியைத் தட்டினார். "செரிப்பா, ஆளு வர்ற வரைக்கும் அர்ஜுன் தரையிலயே படுக்கட்டும். எப்ப வர்றானாம்?"

அர்ஜுன் ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையைச் சுவரிலும் கொடுத்து மெல்ல எழுந்துகொண்டிருந்தார். அன்பரசன் அதைப் பார்த்தான். தோள் இறங்கியது. போனை எடுத்து மெசேஜைப் போட்டுக் காட்டினான்.

அதே மூக்குக் குரல்தான். யாரும் சிரிக்கவில்லை.

"கட்டிலு அர்ஜுனுக்கு," என்றார் அண்ணன். பிறகு வழக்கப்படி கேட்டார்: "எதிர்த்தரப்பு ஏதாச்சும் சொல்லணுமா?"

இந்த இடத்தில் விஜயபாஸ்கர் "அப்பீலு!" என்று கத்துவான். எல்லோரும் அன்பரசனைப் பார்த்தோம். இடது தோளைத் தூக்கினான், வாயைத் திறந்தான். அந்த மூக்குக் குரல் வரவில்லை.

"ஒண்ணுமில்லண்ணே," என்று தன் குரலில் சொல்லிவிட்டு, கட்டிலில் இருந்த பழைய விரிப்பை உருவத் தொடங்கினான்.