எட்டுக்குத்தான் கட்டினேன்

ஆபீஸில் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'ஓடுதே'. யார் எதைக் கொண்டுவந்து "இது ஓடலையே" என்று நின்றாலும், நாற்காலியை அரை வட்டம் திருப்பி, "எனக்கு ஓடுதே" என்பான். அத்தோடு அவன் கடமை தீர்ந்தது. பெண் பார்க்கப் போன இடத்திலும் பையன் இதைத்தான் சொல்லியிருப்பான், அதனால்தான் இன்னும் ஒண்டிக்கட்டை என்று பக்கத்து மேஜைக்காரன் ஓட்டுவான்.

கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் செய்து விற்கிற சின்னக் கம்பெனி. மற்றவர்கள் எழுதுவார்கள். அதையெல்லாம் கம்பைலரில் போட்டு அரைத்து, ஒரே பொட்டலமாகக் கட்டி, கடைகளுக்கு அனுப்புவது இவன் வேலை. அரைப்பதிலும் பதம் உண்டு. கடைக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கிழடுகள். அவற்றில் புரோகிராமை ஓட்டுவது ஜாவா என்ற மென்பொருளின் எட்டாம் பதிப்பு. அதற்கு மேலான பதிப்புக்கு அரைத்ததை, அதாவது பைட்கோடை, கொடுத்தால் வாயைத் திறக்காது. ஆபீஸில் இருப்பதோ பதினேழு. ஆகவே அரைப்பதற்கான குறிப்பு இருக்கும் பில்டு ஃபைலில் 'எட்டின் பதத்துக்கு அரை' என்று ஒரு வரி இருக்க வேண்டும். இருந்தது. அவனே எழுதியது.

அப்படியும் கம்பைலர் ஒவ்வொரு தடவையும் ஒரு மஞ்சள் வரியில் முனகிக்கொண்டே இருந்தது. பதம் எட்டுக்குத்தான், சரி. ஆனால் எட்டில் என்னென்ன வசதி உண்டு என்று நீ எனக்குக் காட்டவில்லையே, பதினேழைப் பார்த்துத்தானே எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன் என்பது அதன் புலம்பல். பல் போனவருக்குக் கஞ்சியாகக் கரைத்தாயிற்று, உள்ளே எலும்புத் துண்டு கிடக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மூக்கில் உட்காருகிற ஈ போல இருந்ததால் அந்த எச்சரிக்கையே வராதபடி அவன் அமுக்கிவிட்டான். சோதித்துப் பார்ப்பதற்கென்று மேஜைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருந்தது. அதைப் போட்டால் ஃபேன் விமானம் மாதிரி கத்தும். அதனால் அதன்மேல் ஹெல்மெட் வைத்திருந்தார்கள்.

அவன் இருந்தது அண்ணன் வீட்டில். அம்மா அப்பா இல்லாத அந்த வீட்டுக்கு அண்ணி வந்தபோது அவன் கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டிருந்தான். அண்ணிக்கு அடிக்கக் கை நீளாது என்று கண்டுபிடித்தவுடன் ஆட்டம் தொடங்கிவிட்டது. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து ஒற்றைச் செருப்பை ஒளித்துவைப்பான். அவள் தேடவே மாட்டாள். ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் அண்ணன் செருப்பு என்று மாட்டிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு தெருவில் இறங்கிப் போவாள். அவன்தான் மனசு கேட்காமல் பின்னாலேயே ஓடிக் கொடுத்துவிட்டு வருவான்.

இப்போது அவள் ஒரு பெரிய லாண்டரியில் கவுண்டரில் இருந்தாள். ஆஸ்பத்திரித் துணி, ஓட்டல் துணி, வீட்டுத் துணி எல்லாம் வந்து குவிகிற இடம். நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன், "மேடம்" என்று கூப்பிடுகிற வாடிக்கைக்காரர்கள். பின்கட்டில் ஈரப் போர்வைகளோடு பல வருஷம் மல்லுக்கட்டிய பிறகு கிடைத்த நாற்காலி அது. கம்ப்யூட்டரை அவள் தொடுகிற விதமே தனி. தூங்குகிற குழந்தையின் மூக்கைத் துடைப்பது போல கீபோர்டைத் துடைப்பாள்.

அந்த லாண்டரிக்குப் புரோகிராம் கொடுத்ததும் ஓடுதேயின் கம்பெனிதான். ஒரு நாள் காலையில் புதுப் பொட்டலம் அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் லாண்டரி முதலாளி போனில் வந்தார்.

"தம்பி, துணி வாங்குறதெல்லாம் சரியா இருக்கு. திருப்பிக் கொடுக்குற பட்டனை அமுக்கினா சட்டுனு மூடிக்குது. வாசல்ல ஊரே நிக்குது."

"எனக்கு ஓடுதே சார்."

"உனக்கு ஓடி எனக்கென்னப்பா? உன் வேட்டியா இங்க கெடக்கு?"

ஸ்பீக்கரில் இருந்ததால் ஆபீஸே சிரித்தது. அவனுக்குக் காது சுட்டது.

"நான் எட்டுக்குத்தான் கட்டினேன் சார். ஆபரேட்டர் எதையாவது தட்டியிருப்பாங்க. விவரம் தெரியாதவங்கள உக்கார வெச்சா இப்படித்தான்."

"அப்படியா சொல்ற?" என்றார் முதலாளி. குரல் இறங்கிவிட்டது. "சரி. அந்தம்மாவை நான் பாத்துக்கறேன். நீ கொஞ்சம் பாத்துக் குடு."

அந்தம்மா என்றதும் அவன் நினைத்தது காலை ஷிப்டில் இருக்கும் இன்னொருத்தியை. வேலை நேரத்தில் சீட்டு விளையாடுகிறவள் என்று அண்ணியே சொல்லியிருந்தாள். அண்ணிக்கு எப்போதும் மதிய ஷிப்ட். அதனால் மனசு உறுத்தவில்லை.

மதியம் ஹெல்மெட்டை எடுத்துவிட்டுப் பழைய கம்ப்யூட்டரைப் போட்டான். புரோகிராம் ஜம்மென்று திறந்தது. திருப்பிக் கொடுக்கும் பட்டனை அமுக்கினான். புரோகிராம் சட்டென்று மூடிக்கொண்டு விழுந்தது. மறுபடியும் அமுக்கினான். மறுபடியும் விழுந்தது.

பெயர் எழுதுகிற கட்டம் காலியா என்று பார்ப்பதற்கு அவனே ஒரு வரி மாற்றி எழுதியிருந்தான். பதினேழில் இருக்கிற வசதி அது, எட்டில் கிடையாது. பில்டு ஃபைலில் ஒரு சொல்லை மாற்றி, 'எட்டின் பதத்துக்கு அரை, எட்டில் உள்ளதை மட்டும் ஒத்துக்கொள்' என்று வைத்தான். கம்பைலர் உடனே அந்த வரியைச் சுட்டிக்காட்டி, இப்படி ஒன்று இல்லை என்றது. வரியைத் திருத்தினான், அனுப்பினான், "ஓகே சார்" என்று முதலாளிக்குச் செய்தி போட்டான். காரணத்தை யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணி வந்தபோது அவள் கை இரண்டும் சிவந்து உப்பியிருந்தன.

"என்ன இது?" என்றான் அண்ணன்.

"பின்கட்டுக்குப் போகச் சொல்லிட்டார். இனிமே காலையிலேயே வரணுமாம். இன்னைக்குன்னு பாத்து நான் ஷிப்ட் மாத்திக்கிட்டேன். காலை ஷிப்ட்காரி தன் பையனுக்கு ஸ்கூல்ல ஏதோ மீட்டிங்குன்னு கேட்டா." அவள் தண்ணீர் குடித்தாள். "நான் கம்ப்யூட்டர்ல எதையோ தட்டிட்டேனாம். கம்பெனிக்காரன் சொன்னானாம். எல்லார் முன்னாடியும் திட்டிட்டார்."

"எவன் அவன்?" அண்ணன் தம்பி பக்கம் திரும்பினான். "உங்க கம்பெனிதானேடா. யாருன்னு கேட்டு வை. நாளைக்கு வந்து ஒரு வார்த்தை கேக்கறேன்."

"விசாரிக்கிறேண்ணே" என்றான் ஓடுதே. வாயில் இருந்த சோறு மண்ணாகிவிட்டது.

அண்ணி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தம்பி, நெசமா சொல்லு. காலையில கீபோர்டைத் துணியால துடைச்சேன். அதுல எதாவது அமுங்கி இப்படி ஆயிருக்குமா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது.

"சில நேரம் ஆகும் அண்ணி" என்றான்.

அவள் தலையாட்டினாள். "அப்ப என் தப்புதான்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அந்தத் தலையாட்டலைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் கடை திறக்கும்போதே முதலாளி முன்னால் போய் நின்றான்.

"நேத்து ஆபரேட்டர் மேல தப்பில்ல சார். எட்டுக்குத்தான் கட்டினேன், ஆனா எட்டுல இல்லாத ஒண்ணை..."

"எட்டோ பத்தோ எனக்கு வெளங்காது. யார் தப்பு, அதச் சொல்லு."

"என் தப்பு."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அடப்பாவி, அந்தம்மாவை வாய்க்கு வந்தபடி பேசிட்டேனேப்பா. நீயே போய்ச் சொல்லிடு. கவுண்டருக்கு வரச் சொல்லு. நான் சொன்னா நல்லாயிருக்காது."

பின்கட்டில் ஆவியும் இரைச்சலுமாக இருந்தது. அண்ணி ஈரப் போர்வையை இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அது நான்தான்."

"கேக்கல."

"உங்க மேல பழி போட்டது நான்தான்."

"சத்தமா சொல்லு தம்பி. மெஷின் ஓடுதுல்ல."

அவன் மூச்சை இழுத்துக் கத்தினான். கத்திய அதே நொடி அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். உருளை நின்றது. "என் தப்பை உங்க மேல போட்டுட்டேன். துடைச்சதுல ஒண்ணும் ஆகல. நேத்தும் பொய் சொன்னேன்" என்பது மட்டும் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. போர்வை மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

அண்ணி உருளையில் நின்ற போர்வையின் சுருக்கத்தை நீவினாள். அவனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அது நீங்கன்னு தெரியாது அண்ணி. அந்தக் காலை ஷிப்ட் பொண்ணுன்னு நெனச்சேன்."

"அவளா இருந்தா சொல்லலாமா?"

தரையில் சோப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"முதலாளி கவுண்டருக்கு வரச் சொன்னார்" என்றான் கடைசியில்.

"வரேன். இதை முடிச்சுட்டு. பாதியில விட்டா சுருங்கிடும்." போர்வையின் ஒரு முனையை அவன் கையில் திணித்தாள். "இழுத்துப் பிடி. மடங்காம."

பிடித்தான். கொதித்தது. விடவில்லை.

எதிர்ப்பக்கம் நின்ற பெண்ணுக்கு ஆவல் தாங்கவில்லை. "யாருக்கா இது?"

"எங்க கொழுந்தன்" என்றாள் அண்ணி, பொத்தானை மறுபடி அமுக்கிக்கொண்டே. "கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் எப்போதும் எல்லாரிடமும் சொல்வது போலவேதான் சொன்னாள்.