கணவரை ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தேன்

இரண்டு வருடத்துக்கு முன், ஆனி மாதம். நவரைப் பட்டத்து நெல்லை விற்று முடித்திருந்த நேரம். உத்திரமேரூர் பக்கத்தில் ஏரித் தண்ணீரை நம்பி விவசாயம் செய்கிற எங்களை, சென்னையில் வேலை பார்க்கும் மகள் இலங்கைக்குக் கப்பலில் அனுப்பி வைத்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் ஆனதற்கு அவள் கொடுத்த பரிசு. அவளுக்கு லீவு கிடைக்காததால் நானும் என் கணவரும் மட்டும் போனோம். அதுவரை நாங்கள் சேர்ந்து போன தூரம் திருப்பதிதான்.

டிக்கெட்டோடு எங்கள் அறையின் பேரில் கப்பல்காரர்கள் கொஞ்சம் பணமும் போட்டு வைத்திருந்தார்கள். ஆன்போர்டு கிரெடிட் என்றார்கள். கப்பலில் எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். கையில் ரொக்கமாகத் தர மாட்டார்கள். செலவழிக்காமல் இறங்கினால் அதோடு போச்சு. இதைக் கேட்டதிலிருந்து என் கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கப்பல் கடையில் ஒரு கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்துவிட்டார், மகளுக்கு வாங்க. எனக்கோ கதிர்காமத்து முருகனைப் பார்க்க ஆசை. கப்பல் அம்பாந்தோட்டையில் ஒரு பகல் நிற்கும், அங்கிருந்து கப்பல்காரர்களே கதிர்காமத்துக்குப் பஸ்ஸில் அழைத்துப் போவார்கள், அதற்கான கட்டணத்தை இந்தப் பணத்திலேயே கழித்துக்கொள்ளலாம் என்று கப்பலில் டூர் பதிவு செய்யும் பெண் சொன்னாள்.

"அதுக்கு இன்னாத்துக்கு இந்தப் பணம்? கீழ எறங்குனா ஆட்டோ கெடைக்காமயா பூடும்? நாமளே போய்க்கினு வந்துடலாம்" என்றார் என் கணவர்.

நான் வாதாடவில்லை. அவர் அன்றைக்கு மூன்றாவது தடவையாகச் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அந்தப் பெண்ணிடம் போய் இரண்டு பேருக்கும் பதிவு செய்துவிட்டேன். கடிகாரத்துக்கு எதுவும் மிஞ்சவில்லை. விஷயம் தெரிந்ததும் அவர் கத்தவில்லை. அவர் கோபமே அப்படித்தான், வாயை மூடிக்கொள்வார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. சாமி பார்க்க ஆசைப்பட்டதற்கா இவ்வளவு என்று நானும் மூடிக்கொண்டேன்.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் நாங்கள் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மற்றவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள். நான் முன்பக்கம் தனியாக வந்திருந்த ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கணவர் நேராகக் கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். காஞ்சிபுரம் பஸ்ஸில் முப்பது வருடமாக அப்படித்தானே போகிறோம், பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். எங்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. கப்பலில் ஏறக் காட்ட வேண்டிய அவருடைய கார்டு, செல்போன், பணம் எல்லாம் என் கைப்பையில் இருந்தன. அவரிடம் கொடுத்தால் எங்கேயாவது வைத்துவிட்டு வந்து நிற்பார்.

கதிர்காமத்தில் நல்ல தரிசனம். திரும்பும் வழியில் திஸ்ஸமகாராம என்ற ஊரில் பெரிய ஏரி ஒன்று. கரையோரம் பஸ்ஸை நிறுத்தி, கால்மணி நேரம் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் வழிகாட்டி. தமிழ் தெரிந்த இலங்கைக்காரர். கிளம்பும்போது, "பக்கத்துல இருந்தவங்க வந்துட்டாங்களா எண்டு எல்லாரும் பாருங்க" என்றார். ஜோடிகள் தலையாட்டினார்கள். என் பக்கத்தில் அந்த அம்மா இருந்தார். நானும் தலையாட்டினேன்.

இருபது நிமிடம் போயிருக்கும். என் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிரசாதப் பழத்தைக் கொடுத்து ராசியாகிவிடலாம் என்று எழுந்து பின்னால் போனேன். கடைசி சீட்டில் அவருடைய துண்டு மட்டும் கிடந்தது.

"வண்டிய நிறுத்துங்க, எங்க வூட்டுக்காரரு ஏரிக்கரையிலயே கீறாரு" என்று அழுதேன். மணி நாலரை. ஐந்து மணிக்குள் எல்லோரும் கப்பலில் ஏறிவிட வேண்டும். திரும்பிப் போனால் அத்தனை பேருக்கும் தாமதம். ஆனால் பஸ்ஸில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஓட்டுநர் அப்போதே வண்டியைத் திருப்பினார். வழிகாட்டி கப்பலுக்குப் போன் செய்துவிட்டு வந்து, "பயப்படாதீங்க அம்மா. இது கப்பல்ட டூர்தானே, நம்மள விட்டுட்டுப் போக மாட்டாங்க. நீங்களா ஆட்டோவுல வந்திருந்தாத்தான் கஷ்டம்" என்றார்.

திரும்பிப் போன அந்த இருபது நிமிடத்தில் வேண்டாத தெய்வம் இல்லை. அவர் சர்க்கரை நோயாளி, மதியம் சாப்பிட்டதோடு சரி. கையில் காலணா இல்லை. யாருடைய போன் நம்பரும் மனப்பாடமாகத் தெரியாது. அங்கே பேசுகிற சிங்களமும் தெரியாது. என்னைத் தேடிக்கொண்டு எந்தப் பக்கம் நடந்தாரோ என்று சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அத்தனை பயத்திலும் "உங்கள் பேச்சைக் கேட்டு ஆட்டோவில் வந்திருந்தால் இந்நேரம் கப்பல் போயிருக்கும்" என்று அவரிடம் சொல்ல ஒரு வார்த்தையைத் தயாராகத்தான் வைத்திருந்தேன்.

பஸ் நின்றிருந்த அதே இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். மகள் வாங்கிக் கொடுத்த புதுப் பேண்ட் முழங்கால் வரை சேறு. பக்கத்தில் கைலி கட்டிய ஒரு விவசாயி, அவர் தலைக்கு மேல் குடை பிடித்தபடி நின்றார். காலடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது.

நடந்தது இதுதான். மதகுக்குக் கீழே வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் போகாமல் இருந்திருக்கிறது. அந்த விவசாயி தனியாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாய்க்கால் அடைத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் யாரும் சும்மா போக மாட்டார்கள். இவரும் இறங்கிவிட்டார். கரையேறிப் பார்த்தால் பஸ் இல்லை. மரத்து நிழலுக்கு வரச்சொல்லி அந்த மனிதர் கையைப் பிடித்து இழுத்தும் போகவில்லையாம். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லையாம். அதனால் அந்த மனிதரும் குடையோடு கூடவே நின்றுவிட்டார்.

"ஏங்க, அந்த மரத்தடியிலனா குந்தியிருக்கக் கூடாதா?" என்றேன். தயாராக வைத்திருந்தது வாயில் வரவில்லை.

"மரத்தடிக்குப் போய்க்கினு, நீ வந்து பாத்துட்டு நான் இல்லன்னு பூட்டா இன்னாமே பண்றது?" என்றார். முந்தின நாளிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

பிரசாதப் பழங்கள் முழுவதையும் அந்த விவசாயியிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. கப்பல் எங்களுக்காக நின்றிருந்தது. ஐந்தே முக்காலுக்கு ஏறினோம். பஸ்ஸில் திரும்பிய வழி முழுக்க அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், சேறு என் புடவையிலும் ஒட்டியது.

அந்த டூரைப் பற்றி இன்றுவரை நான் அவரிடம் சொல்லிக்காட்டியதில்லை. நான் திரும்பி வருவேன் என்று அவர் நின்ற இடத்தை விட்டு நகராமல் வெயிலில் நின்றபோது, நானோ ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தேன். அது நினைவுக்கு வரும்போதெல்லாம், சண்டையில் தப்பு யார் பேரில் இருந்தாலும், முதலில் நானே பேசிவிடுகிறேன்.