இரண்டு அம்மாக்களும் ஒரு கிண்ணம் கோழிக் குழம்பும்

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளின் பிரசவத்துக்காக எடப்பாடியிலிருந்து நானும் மனைவியும் போயிருந்தோம். "அப்பா, மலாய்க்காரங்க கிராமம் ஒண்ணு பாத்துட்டு வரலாங்களா?" என்று மகள் கேட்டாள். குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் காட்டில் கிடந்தவன், கிராமம் பார்க்கவா ஏரோப்பிளேன் ஏறி வந்தேன் என்று முனகிக்கொண்டேதான் காரில் ஏறினேன்.

மகளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அம்மா வீடு அது; அந்தப் பெண்ணும் எங்களோடு காரில் வந்தாள். கால்கள் மேல் நின்ற மரவீடு. அடியில் கோழிகள் மேய்ந்தன. கொல்லையில் பார்த்தால் நம்ம குச்சிக்கிழங்கு! எங்கள் ஊரில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு லோடு லோடாகப் போவதை அந்த அம்மா அவித்து, தேங்காய்த் துருவலோடு வைத்தார். முனகலை மறந்து இன்னொரு தட்டும் வாங்கித் தின்றேன்.

வம்பு மதியச் சாப்பாட்டில் வந்தது. எங்களுக்கென்றே அடித்த கோழி, தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு. என் மனைவி கையை இழுத்துக்கொண்டாள். மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை இது. நல்லபடியாகப் பிறக்கும் வரை தான் கவுச்சியைத் தொடுவதில்லை என்று மனைவி மாரியாத்தாவிடம் வேண்டியிருந்தாள். அவளுடைய விரதம் அப்படிப்பட்டது. நான் கறி தின்ற தட்டைக்கூட நானேதான் கழுவ வேண்டும்.

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கிண்ணத்தை மறுபடி மறுபடி நீட்டினார். அவர் மகள் சொன்னதை என் மகள் எங்களுக்குச் சொன்னாள். கொடுத்த சாப்பாட்டை வேண்டாமென்றுவிட்டுக் கிளம்பினால் வழியில் ஏதாவது ஆகிவிடும் என்பது அவர்கள் பயமாம். சாப்பிட முடியாதவர்கள் விரலால் தொட்டாவது வைக்க வேண்டுமாம். அதுவும் பிள்ளைத்தாய்ச்சி போகிற வண்டி.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "தொட்டா என்ன புள்ள, கோழி கடிச்சா வெக்கும்?"

"நீங்க சும்மா இருங்க. நாளைக்கு ஒண்ணுன்னா ஆருங்க பதில் சொல்றது?" என்றாள் மனைவி. கண் நிறைந்திருந்தது.

அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரே பெண்ணுக்காகத்தான் ஒருத்தி நீட்டினாள், இன்னொருத்தி மறுத்தாள்.

மகள் விரதத்தை விளக்கிச் சொன்னாள். கலைந்து போனதையும் சொன்னாள். அந்த அம்மா உள்ளே போய் ஒரு மூடியை எடுத்து வந்து கிண்ணத்தை மூடி, அப்படியே நீட்டினார். என் மனைவி மூடியின் மேல் கையை வைத்தாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

திரும்பும்போது காரில்தான் அந்தப் பெண் சொன்னாள். குழந்தை பிறந்தது என்று தகவல் வரும்வரை தானும் கோழி தின்னப் போவதில்லை என்று அவள் அம்மா சொல்லிவிட்டாராம். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே மகள் அந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். மலாயில் ஒரு வார்த்தை தெரியாத என் மனைவி போனைப் பிடுங்கி, வார்டே திரும்பிப் பார்க்கும்படி தமிழில் கத்தினாள்:

"அக்கா! பொண்ணு பொறந்திருக்குது. நீங்க மொதல்ல கோழியடிச்சுச் சாப்பிடுங்க!"