தியாகலிங்கத்தாரின் வேலி

வேலணையில் கமக்காரர் எத்தனையோ பேர். தியாகலிங்கத்தாரைப் போல வேலி அடைப்பவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு வருடமும் பழைய பனைமட்டை வேலியைப் பிரித்துப் புதிதாக அடைப்பார். ஒவ்வொரு முறையும் வேலிக்கு நட்ட கதியால் கம்புகள் ஒரு சாண் ஒழுங்கைப் பாதைக்குள் வந்து நிற்கும். கேட்டால், "கதியால் தானாச் சரியுது தம்பி, நான் என்ன செய்ய?" என்பார். சரியுதாம்! அவருடைய காணிப் பக்கம் ஒருநாளும் சரியாத கதியால்!

இரண்டு மாட்டுவண்டில் விலகிப் போன ஒழுங்கை அது. இன்று என்னுடைய சின்னப் பட்டா லொறி போவதற்கே வெள்ளவாய்க்கால் விளிம்பில் சில்லை ஏற்ற வேண்டும். சொல்லிச் சொல்லி என் வாய்தான் நொந்தது.

போன மாரியில், புது வேலி அடைத்த மறுநாள், பிரித்துப் போட்ட பழைய மட்டைக் குவியலை ஒதுக்கப்போன அவருடைய மனைவி மீனலோசனி அக்காவைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. அம்புலன்ஸ் புங்குடுதீவுப் பக்கம் போய்விட்டதாம், வரச் சுணங்குமாம். அக்காவைப் பின்பெட்டியில் பாய் போட்டுக் கிடத்தி, தியாகலிங்கத்தாரையும் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டேன்.

வேலி முடிகிற இடத்தில் இடது பின்சில்லு வாய்க்கால் சேற்றில் இறங்கிவிட்டது. வலது சில்லு அசையாமல் நிற்க, இடது மட்டும் சும்மா சுற்றியது. எனக்கு விசர் வந்துவிட்டது. அந்த மனுசனைத் திட்டித் திட்டி அக்சிலேற்றரை மிதித்தேன். மிதிக்க மிதிக்கச் சில்லு குழி தோண்டியது. பின்னால் அக்கா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டபிறகுதான் காலை எடுத்தேன்.

சில்லுக்குக் கீழே எதையாவது கொடுக்க வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் காய்ந்த மட்டை இருந்தது வேலியில் மட்டுந்தான். போய்ப் பிடித்தேன். மனுசன் லொறியிலிருந்து குதித்து ஓடிவந்து வேலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"கை வையாதையும் தம்பி! நேற்றுத்தான் அடைச்சனான். அங்காலை போய்க் கல்லுப் பொறுக்கும்!"

"உங்கட மனிசி சாகக் கிடக்கிறா! என்ன கோதாரிக்கு அண்ணை இந்த வேலி?"

அவர் விடவில்லை. லொறிக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"பிடுங்கும் தம்பி. ஒண்டும் மிச்சம் விடாதையும்."

அவரைத் தள்ளிவிட்டுப் பிடுங்கினேன். சுற்றுகிற சில்லுக்கு முன்னால் மட்டைகளை அடுக்கி, ஹான்ட் பிறேக்கை அரைவாசி இழுத்தேன். சுற்றுகிற சில்லை அது கொஞ்சம் பிடித்தால்தான் மற்றச் சில்லுக்கு இழுவை போகும். இரண்டாம் கியரில் மெல்ல மெல்ல விட்டேன். "பின்னாலை நிண்டு தள்ளுங்கோ!" என்று கத்தினேன். தள்ளினார். மட்டைகள் நொறுங்கின, லொறி ஏறியது. சேறு முழுக்க அவர் முகத்தில். அதில் எனக்கு மெத்தச் சந்தோசம்.

அக்கா பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று நான்தான் கூட்டிவரப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், நாய் வாலை நிமிர்த்த ஏலுமா? பிடுங்கிய இடத்திலேயே புது வேலி!

"நிப்பாட்டும் தம்பி," என்றார் அக்கா.

தியாகலிங்கத்தார் சிரித்தபடி வந்து கதவைத் திறந்தார். "வாரும், இறங்கும்."

"நான் கலியாணம் கட்டி வந்த நாளிலை இந்தக் கதியால் எங்கை நிண்டதோ, அங்கை நடுங்கோ. அதுவரைக்கும் இறங்கமாட்டன்."

"உமக்கென்ன விசரே? சனம் பாக்குது!"

"பாக்கட்டும். தம்பி, உமக்கு அவசரமோ?"

"ஒரு அவசரமும் இல்லை அக்கா," என்று எஞ்சினை நிறுத்தினேன்.

மனுசன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதியால் கிளப்ப அலவாங்கு எடுக்கப் போனார்.