பொத்தான் வெளியே வரவில்லை

அப்பாவின் வண்டி பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள், இரண்டு சிலிண்டர். எஞ்சினின் வலப்பக்கம், முன்னால் கீழே, விரல் நுனி அளவுக்கு ஒரு பொத்தான் இருக்கும். வண்டியைக் கிளப்பினால் உள்ளே ஆயில் பிரஷர் ஏறி அந்தப் பொத்தானை வெளியே தள்ளும். அணைத்தால் அது உள்ளே போய்விடும். மீட்டர், விளக்கு என்று வேறு எதுவும் கிடையாது. எஞ்சினுக்குள் எண்ணெய் ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல அது ஒன்றுதான்.

ஆயுத பூஜை முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சேலையூரில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் வண்டியைக் கிளப்பிவிட்டுக் குனிந்து பார்த்தேன். பொத்தான் வரவில்லை. பதறிப்போய் அணைத்தேன். மறுபடி கிளப்பினேன். வரவில்லை.

எண்ணெய் போகாமல் ஓடினால் உள்ளே சுழல்கிற கிராங்க் தண்டு தேய்ந்துவிடும். அந்தக் கிராங்கை ஏற்கெனவே லேத்தில் கடைசி அளவுவரை கடைந்தாகிவிட்டது. இன்னொரு தடவை கடைய அதில் இரும்பு மிச்சம் இல்லை, புதிதாக வாங்கவும் எங்கேயும் கிடைக்காது. அது போனால் வண்டியே போனது. அதோடு அண்ணன் வேறு இருக்கிறான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், பெங்களூரில் இருக்கிறான். அப்பா போனபிறகு வண்டி எங்கள் இருவருக்கும் பொது என்று ஆனது. கோயம்புத்தூரில் பழைய வண்டி சேர்க்கிற ஒருவர் அதை விலைக்குத் தரச்சொல்லி அண்ணனை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கெஞ்சியதால்தான், "ஓடற வரைக்கும் உங்கிட்ட இருக்கட்டும்டா, நின்னுடுச்சுன்னா குடுத்துடலாம்" என்றான். சித்தப்பா பெண் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் வருகிறான். கோவளம் வரைக்கும் ஓட்டிவிட்டு வரணும் என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொழிச்சலூரில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஊரில் உள்ள எல்லா எஞ்சினையும் தானே பெற்று வளர்த்ததுபோலப் பேசுகிறவர்.

"இன்னா சார், பட்டன் வர்லியா? உள்ள ஸ்பிரிங்கு சோம்பேறி ஆயிகினு கீது. பின்னால ஒரு வாசர் போடு, பிரஷர் எகிறும் பாரு."

"ஒண்ணும் ஆகாதே?"

தலைக்குமேல் ஒரு விமானம் இறங்கியது. அவர் என்னவோ சொன்னார், கையையும் ஆட்டினார். விமானம் போனபிறகு இன்னொரு தடவை கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வாசர்கள் இரண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மனுஷனுக்குப் பயம் வந்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது!

அந்தப் பொத்தானுக்குப் பின்னால்தான் பிரஷர் வால்வு இருக்கிறது. எண்ணெயின் அழுத்தம் அளவுக்கு மீறினால் ஒரு ஸ்பிரிங் பின்வாங்கி, மிச்ச எண்ணெயை வழிய விட்டுவிடும். ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாசர் என்கிற இரும்பு வளையத்தைப் போட்டால் அது இறுகிவிடும், சீக்கிரம் வழிய விடாது. ஸ்பேனரால் கழற்றி, துடைத்து, ஒரு வாசர் வைத்து மூடினேன். கிளப்பினேன். பொத்தான் வரவில்லை. இரண்டாவதையும் வைத்தேன். ஊஹூம். சனியன் பிடித்த பொத்தான் அசைந்தே கொடுக்கவில்லை.

"உங்க மூஞ்சியப் பாத்தா எஞ்சின் பிரஷரவிட உங்க பிரஷரத்தான் மொதல்ல பாக்கணும் போல இருக்கு" என்றாள் மனைவி. நான் எரிந்து விழுந்தேன். அவளும் சும்மா விடவில்லை. "வண்டி இருக்கற லட்சணத்த அண்ணன்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே? எதுக்கு இந்தத் திருட்டு முழி?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டி போய்விடுமே! ஆபீசில் உட்கார்ந்து பழைய வண்டிக்காரர்கள் எழுதியதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். அங்கேதான் அடுத்த குண்டு விழுந்தது. ஸ்பிரிங்கை ரொம்ப இறுக்கினால், எஞ்சின் குளிர்ந்து எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கினால், வழிய இடமில்லாத எண்ணெய் கிராங்க் முனையில் எண்ணெய் கசியாமல் பிடிக்கிற ஆயில் சீலைப் பிய்த்துவிடுமாம். சீல் போனால் கிராங்குக்கு எண்ணெய் போகாது. அதாவது, வாசர் இல்லாவிட்டாலும் கிராங்க் போகும், இருந்தாலும் போகும். அன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கக்கூட இல்லை. வாசர்களை எடுத்துவிடலாம் என்று நினைப்பேன். எடுத்தால் இருக்கிற கொஞ்சநஞ்சப் பிரஷரும் போய்விடுமோ என்று விட்டுவிடுவேன். இப்படியே கல்யாணமும் வந்துவிட்டது, அண்ணனும் வந்துவிட்டான்.

முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன் வேட்டியைக்கூட மாற்றவில்லை. மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே உதையில் கிளப்பினான். அப்பாவைப்போலவே உடனே குனிந்தான்.

"டேய், பட்டன் வரலியே."

அண்ணன் கீழே உட்கார்ந்து பொத்தானைத் தடவிப் பார்த்தான். பிறகு கட்டைவிரல் நகத்தால் அதைச் சுற்றிச் சுரண்டினான். கறுப்பு அழுக்குக்கு அடியில் மஞ்சளாக உதிர்ந்தது.

"சந்தனம்டா இது!"

டக்கென்று பொத்தான் வெளியே வந்து நின்றது.

பூஜையன்று எல்லா வண்டிகளுக்கும் பொட்டு வைத்தது நான்தான். ஸ்கூட்டருக்கு ஹேண்டில்பாரில், காருக்கு நம்பர் பிளேட்டில். அப்பாவின் வண்டிக்கு மட்டும் பக்தி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அந்தப் பொத்தான் பொட்டு வைப்பதற்கென்றே செய்தமாதிரி இருந்தது. கெட்டிச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். அது இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பொத்தானை உள்ளேயே பிடித்துக்கொண்டுவிட்டது. எண்ணெய் அழுக்கு படிந்து மேலே கறுத்தும் போய்விட்டது. கழற்றிய நேரத்திலும் பொத்தானை இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"சாமி கும்பிட்டே கொல்லப் பாத்தியேடா!" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். உள்ளேயிருந்து வந்த மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பிலேயே எனக்கு வாசர் ஞாபகம் வந்தது. பிரஷர் எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. சரியாக இருந்ததன் முதுகில் என் இரண்டு வாசர்கள் உட்கார்ந்திருக்கின்றன. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை. அண்ணன் எழுந்து ஆக்சிலரேட்டரில் கையை வைத்தான்.

சும்மா இருந்துவிடலாம். சீல் தாங்கினாலும் தாங்கும். அவன் ஊருக்குப் போனபிறகு சத்தம் போடாமல் கழற்றிவிடலாம். அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் முறுக்கினான். நான் பாய்ந்துபோய் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டேன்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"முறுக்காதண்ணா. உள்ள ரெண்டு வாசர் போட்டிருக்கேன்."

எதற்குப் போட்டேன், யார் சொல்லிப் போட்டேன், போட்டால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்பேனரை மட்டும் கேட்டு வாங்கினான். இருவரும் தரையில் உட்கார்ந்து வால்வைக் கழற்றி, வாசர்களை எடுத்துவிட்டு, பொத்தானைச் சுற்றிப் பெட்ரோல் விட்டுக் கழுவி மாட்டினோம். கிளப்பினான். பொத்தான் உடனே வெளியே வந்தது. சீல் தப்பித்திருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அண்ணன் கை கழுவிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தான்.

"கோயம்புத்தூர்க்காரர வரச் சொல்லிடறேன்" என்றான்.

"ஓடற வரைக்கும்னு சொன்னியேண்ணா? அதான் ஓடுதே!"

"நல்லாத்தான் ஓடுது. உங்கிட்டயே இருந்தா ஓடாதுடா. ஓடறப்பவே குடுத்துடலாம்."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. அதனால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லை. பக்கத்திலேயே வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.