நனைந்த கட்டு

என் லேத்துப் பட்டறைக்கும் வெல்டர் அண்ணனுடைய பட்டறைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. உள்ளங்கைகள் தடித்து, வெடித்து, செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் அவருக்கு இளவயதிலிருந்தே உண்டு. கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். அதைப் பற்றி அலட்டிக்கொண்டதே இல்லை.

பேரன் பிறந்தபோதுதான் மனிதர் உடைந்து போனார். ஆஸ்பத்திரியில் ஆசையாகக் கை நீட்டியவரிடம் மகளின் மாமியார், "முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க சம்பந்தி" என்றாராம். இவர் கழுவு கழுவென்று கழுவித் திரும்புவதற்குள் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டார்கள். கை சரியாகாமல் பிள்ளையைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் பலனில்லை.

தோல் டாக்டர் ஒரு வைத்தியம் சொன்னார். மாத்திரை போட்டுக்கொண்டு, அது உடம்பில் ஊறிய பிறகு கைகளை ஒரு புற ஊதா வெளிச்சப் பெட்டிக்குள் நீட்ட வேண்டும். மாத்திரை தோலைத் தயார் செய்யும். பெட்டி அளந்து வெளிச்சம் கொடுக்கும். அன்று முழுக்க வெயில் ஆகாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

"என்னண்ணே, சினிமாவுல சேர்ந்துட்டீங்களா?" என்று கேலி செய்வேன். கைகள் மெல்லத் தேறத்தான் செய்தன. மகள் குழந்தையோடு வரும் நாளும் நெருங்கியது.

அந்த நேரம் பார்த்து, மாத்திரையைப் போட்ட பிறகு ஓர் அவசர வேலை வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. மாத்திரை வீணாகிறதே என்று மனசு கேட்கவில்லை. வெளிச்சம்தானே வேண்டும், நம்மிடம் இல்லாத வெளிச்சமா என்று உறையைக் கழற்றியிருக்கிறார். ஒரு கையால் வெல்டிங் பிடித்து மறு கையைக் காட்டி, பிறகு கை மாற்றி அந்தக் கையையும் காட்டியிருக்கிறார். மறுநாள் இரண்டு கையிலும் கொப்புளம்.

"மூளையையும் உறையோட கழட்டி வச்சிட்டீங்களா?" என்று கத்தினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கே அழுகை வந்துவிட்டது.

நர்ஸ் மருந்து வைத்துக் கட்டுப் போட்டார். "ஆறுற வரைக்கும் வெளிச்சம் கிடையாது. கட்டுல தண்ணி படவே கூடாது, சொல்லிட்டேன்."

மகள் வந்த அன்று இவர் பட்டறையை விட்டு நகரவில்லை. அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கையை நீட்டுங்கப்பா."

"புண்ணும்மா. ஆறினதும் தூக்கிக்கிறேன்."

"நான் பிறந்தப்பவும் இந்தக் கை இப்படித்தானே இருந்துச்சு? அம்மா வேலைக்குப் போனப்போ என்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டினது யாரு? எனக்கு ஒட்டிக்கிச்சா?"

கேட்டுக்கொண்டே பிள்ளையை அவர் கைகளில் வைத்துவிட்டாள். மூச்சு விடக்கூடப் பயந்து நின்றார் மனிதர்.

சற்று நேரத்தில் கட்டு மாற்ற நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிடுசிடுத்தார்.

"தண்ணி படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

வழிகிற கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லாமல் நின்ற வெல்டர் சொன்னார்: "தண்ணி இல்லம்மா. என் பேரன்."