பாதியில் நிறுத்திய கேசட்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் செலக்‌ஷன் டேபிளில் இருபத்தாறு வருஷம் நின்றவள் நான். எனக்குக் கையெழுத்து போட மட்டும்தான் தெரியும். ஆனால் தோலைத் தடவினால் உண்ணிக் கடி எங்கே, கத்திக் கீறல் எங்கே என்று விரல் சொல்லிவிடும். ஃபர்ஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் என்று நான் சாக்பீஸில் போட்ட குறியை மேனேஜர்கூட மாற்றியதில்லை. அந்தப் பெயர்தான் வினையானது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் டேனரியில் தோல் காயப்போடும் ராஜம்மா சாவு வீடுகளில் ஒப்பாரி பாடுவாள். எல்லாம் அவளே கட்டிய பாட்டு. பஜாரில் கேசட் கடை வைத்திருந்த பாய் அவளைப் பாட வைத்து ஒரு கேசட் பதிவு செய்தார். அவளுக்கு அதுதான் முதல் கேசட். பத்துப் பிரதி எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நம்ம ஜனங்ககிட்ட குடுத்துக் கேளும்மா. புடிச்சிருந்தா கடைல விப்போம், இன்னொண்ணும் போடுவோம். நீ தரம் பாத்தா தப்பாது."

ராஜம்மா என் பின்னாலேயே வந்தாள். "அக்கா, சாவு விழுந்தாத்தான் என்ன உள்ள கூப்புடுறாங்க. மத்த நாள்ல வாசப்படி ஏறுனா மூஞ்சி சுருங்குது. இது ஓடிச்சின்னா சும்மாவே கேப்பாங்க இல்ல?"

பத்து வீட்டில் ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து எப்படி இருந்தது என்று கேட்க வீடு வீடாகப் போனேன்.

மேஸ்திரி பெண்டாட்டி வாசலிலேயே மறித்தாள். "வெளக்கு வெக்கிற வூட்ல ஒப்பாரி ஓட்டுவாங்களா? மொதப் பாட்டுலயே நிறுத்திட்டேன். நல்ல ஆளு நீ!"

சர்ச் தெரு டீச்சரம்மா, "குரல் நல்லாதான் இருக்கு. ஆனா ஒரு சைடுகூடத் தாண்ட முடியல" என்றார்.

அடுத்த தெரு மும்தாஜ் சிரித்தாள். "பாடுற ஆவாஸ் அருமைக்கா. சோகம்தான் ஜாஸ்தி."

பீடி சுற்றும் சரோஜா கேசட்டைக் கையில் திணித்தாள். "ரெண்டாவது பாட்டுல நிறுத்திட்டேன், எடுத்துனு போக்கா."

பத்து வீட்டில் இரண்டு வீடுதான் முழுசாகக் கேட்டிருந்தது. எவ்வளவு மினுமினுப்பு இருந்தாலும் நடுவில் ஓட்டை விழுந்த தோல் ரிஜெக்ட்தான். பாயிடம் அப்படியே சொன்னேன். "எட்டு பேரு பாதில நிறுத்திட்டாங்க பாய். தேறாது."

ராஜம்மாவிடமும் மறைக்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சரி வுடுக்கா. சாவு இல்லாம நான் எதுக்கு?" என்று சிரித்தாள். அதோடு பாட்டையே விட்டுவிட்டாள். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் சரோஜா டேனரி கேட்டில் வந்து நின்றாள்.

"அக்கா, அந்தக் கேசட்டு இன்னொருவாட்டி கெடைக்குமா? எம்புள்ள போனப்போ எனக்கு அழுகயே வரல. அன்னிக்கி ரெண்டாவது பாட்டுல வந்துடுச்சி. மாமியா பாத்துடப் போறாங்கன்னு நிறுத்திட்டேன்."

பஜாருக்கு ஓடினேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். பத்துக் கேசட்டிலும், முதலில் பதிந்ததன் மேலேயும் சினிமாப் பாட்டு ஏற்றிவிட்டார். "நீதானம்மா தேறாதுன்ன?"

சரோஜா சொன்னதை ராஜம்மாவிடம் போய்ச் சொன்னேன். மறுபடி பாடச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"எந்தப் பாட்டுல நிறுத்துனா?"

"ரெண்டாவதுல."

"அது எம்புள்ளைக்குக் கட்டுனது" என்று சொல்லிவிட்டு, காயப்போட்ட தோலைத் திருப்பப் போனாள்.

பிறகு அவள் பாடவே இல்லை. அவளுக்கு ஒரு பிள்ளை இருந்து போனதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். தோலிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை, குறி போட்டுவிடலாம். மனுஷரிடம் கேட்டாக வேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று நான் அந்த எட்டு வீட்டில் ஒரு வீட்டிலாவது கேட்டிருக்க வேண்டும்.